முப்பது விநாடி மௌனம்

அத்தியாயம் ஏழு

ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே மைக் இருந்தது.

முட்டை வைக்கிற குழிகளில் பேட்டரிகள். பால் வைக்கிற இடத்தில் ஹெட்போன். நடுத்தட்டு முழுக்கச் சுருட்டிக் கட்டிய ஒயர்கள். கீழே காய்கறி டிரேயில் நீளமான நோட்டு ஒன்று. மூக்கை விட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியே இல்லை, ரப்பர் வாசனைதான் அடித்தது.

"மேடம், இந்த வீட்ல பசிச்சா ஒயரைத்தான் அவிச்சுச் சாப்பிடணும் போல," என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தம் இரண்டு பேர். முதலாளி அவர், மிச்சமெல்லாம் நான். போலீஸ் துறையில் இருபத்திரண்டு வருடம் வாக்குமூலம் எழுதும் ஸ்டெனோவாக இருந்து, அலுத்துப்போய் வெளியே வந்தவர். பொய் சொல்கிறவன் எந்த இடத்தில் எச்சில் விழுங்குவான் என்பது அவருக்கு அத்துப்படி. என் எடை தொண்ணூற்றாறு கிலோ என்பதால் என்னை 'ஈர்க்குச்சி' என்று கூப்பிடுகிறார்.

"அது ஓடி ஆறு மாசம் ஆச்சு சார்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். "ரிப்பேர் பண்ணுடான்னு சொன்னா, நல்ல அலமாரி கெடைச்சிருக்கு, விடுன்னு சொல்லுவான்."

இறந்தவனின் அக்கா. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற டெக்னீஷியன். சமையலறை வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே வந்தால் பால்கனி கண்ணில் படும். பதினொரு நாளைக்கு முன்பு அவருடைய தம்பி அந்த ஏழாவது மாடிப் பால்கனியிலிருந்துதான் விழுந்தான்.

தம்பி ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறவன். படக்குழுவில் அவனுக்குப் பட்டப்பெயர் 'காது'. கடைசியாக அவன் வேலை செய்த படம், சுரங்க விபத்தில் சிக்கிய மகனுக்காகக் காத்திருந்து, கடைசியில் அவனைப் பறிகொடுத்த ஒரு பெரியவரைப் பற்றியது. இந்த வருடத்தின் சிறந்த ஆவணப்பட இயக்குநர் விருது அந்தப் படத்துக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். விழா இன்று மாலை ஏழு மணிக்கு. இன்ஸ்பெக்டர் 'தற்கொலை' என்று எழுதிக் கோப்பை மூடப்போவது இன்று மாலை ஐந்து மணிக்கு. இப்போது மணி பன்னிரண்டரை.

கோப்பை மூட இன்ஸ்பெக்டருக்குக் கிடைத்த சாட்சி, அக்காவின் போனுக்கு வந்த ஒரு குரல் மெசேஜ்.

"இன்னொரு தடவ போடுங்கம்மா," என்றார் மேடம்.

அக்கா விரலை வைத்தார். மெசேஜ் ஓடியது.

*அக்கா... என்னால இனிமே முடியாது... யாரையும் குத்தம் சொல்லல... என்ன விட்ரு.*

இருபத்தாறு விநாடி. அதில் பேச்சு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் இடைவெளி.

"பதினொன்னு நாப்பதுக்கு வந்துது மேடம்," என்றார் அக்கா. "வந்த உடனே பாத்தேன். மறுபடியும் அந்தப் படத்தைப் பத்திப் புலம்பப் போறான்னு நெனைச்சு, அப்புறமாக் கேட்டுக்கலாம்னு போனை லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டேன். மூணு மணிக்கு மேலதான் கேட்டேன். நான்தான் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, கட்டடத்துக்குப் பின்னாடி போய்ப் பாருங்கன்னேன். மூணரை மணி நேரம் மேடம். அவன் என்னைக் கூப்பிட்டிருக்கான். நான் அவனைப் பூட்டி வச்சிட்டேன்."

அக்கா எங்களைத் தேடி வந்தது கொலையாளியைப் பிடிப்பதற்காக அல்ல. அந்த மூன்றரை மணி நேரத்தை யாராவது தன் தலையிலிருந்து இறக்கிவைக்க மாட்டார்களா என்றுதான் வந்திருந்தார். சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

"இன்ஸ்பெக்டர்கிட்ட ஒண்ணு சொன்னேன். சிரிச்சிட்டாரு," என்றார் அக்கா.

"எங்கிட்ட சொல்லுங்க. நான் சிரிக்க மாட்டேன்."

"முதல்ல 'அக்கா'ன்னு கூப்பிடறான் பாருங்க, அதுல சிரிப்பு இருக்கு மேடம். ஏதாவது சேட்டை பண்ணப் போறப்ப அப்படித்தான் கூப்பிடுவான். சாகப் போறவன் எதுக்கு அப்படிக் கூப்பிடணும்?"

மேடம் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டார். ஏழாவது தடவை முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"குரலுக்குப் பின்னாடி ஹும்முனு ஒரு சத்தம் இருக்கே, அது என்ன?"

அக்கா போனைக் காதில் ஒட்டி வைத்துக் கேட்டார். "இதுவா? எங்க ஃப்ரிட்ஜ்தான். அப்படித்தான் முனகிக்கிட்டே இருக்கும். ஒன்றரை வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் இந்த வீட்லதானே இருந்தேன். எனக்குத் தெரியாதா?"

"நடுவுல டிங்குனு?"

"கரண்டி. சிங்க்ல விழுந்தா அந்தச் சத்தம்தான் வரும்."

சொல்லிவிட்டு அக்கா நிமிர்ந்தார். அவர் பார்வை ஃப்ரிட்ஜுக்குப் போனது. நானும் பார்த்தேன். அதன் பிளக் சுவரிலிருந்து கழன்று, தரையில் தூசி படிந்து கிடந்தது.

"ஈர்க்குச்சி," என்றார் மேடம் மெதுவாக. "செத்துப்போன ஃப்ரிட்ஜ் முனகுது. நீ ஒருத்தன் குரலை வெட்டி ஒட்டிப் பொய்யா ஒரு மெசேஜ் செஞ்சேன்னு வை. பின்னாடி ஃப்ரிட்ஜ் சத்தம் போடுவியா?"

"நானா? குரல் கெடைச்சதே பெரிசுன்னு அனுப்பிட்டு ஓடியிருப்பேன்."

"உன்ன மாதிரி ஆள் அப்படித்தான் செய்வான். குரல் மட்டும் இருந்தா போதாதுன்னு நெனைக்கிற ஆளைத்தான் நாம தேடணும்."

காய்கறி டிரேயிலிருந்த நோட்டை அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

*

காரை நான் ஓட்ட, மேடம் நோட்டைப் படித்துக்கொண்டு வந்தார். காது தான் பதிவு செய்த ஒவ்வொரு சத்தத்தையும் தேதி, இடம், குறிப்பு என்று எழுதி வைத்திருந்தான். பொடிப்பொடியான கையெழுத்து.

"இதைக் கேளு," என்றார் மேடம். "'பதினாலாம் தேதி. ஆஸ்பத்திரி வராந்தா. மழை. காலில் கட்டு மாற்றும்போது பெரியவர் அழுகை, இரண்டு நிமிடம்.' அடுத்து, 'இருபத்திரண்டாம் தேதி. பெரியவர் வீடு. இயக்குநர் ஊரில் இல்லை, கேமராவும் நானே. மகன் இறந்த செய்தி போனில் வந்தது. பெரியவர் அழவில்லை. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.'"

பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தமாகவே மிதித்துவிட்டேன்.

"அழலையா? மேடம், நான் அந்தப் படத்தைப் பாத்தேன். துண்டுக்குள்ள அவர் அழுவாரு பாருங்க, ரெண்டு நிமிஷம். எனக்குப் பக்கத்துல இருந்த ஆள் என் தோள்ல சாஞ்சு அழுதான். யாருன்னே தெரியாது."

"கடைசிப் பக்கத்துல ரெண்டே வரி. 'முடித்த படம் பார்த்தேன். அழுகைக்குள் மழை கேட்கிறது.'"

ஆவணப்பட விருதில் நடுவர்கள் ஒரு விஷயத்தில் கறார். நடக்காததை நடந்ததாகக் காட்டினால் படம் போட்டியிலிருந்தே வெளியே. காது வாயைத் திறந்திருந்தால் இன்று விழாவே வேறு மாதிரி இருந்திருக்கும்.

"அப்ப இயக்குநர்தான் மேடம். விருது அவருக்குத்தானே?"

"காது விழுந்த அன்னிக்குப் பதினோரு மணியிலேருந்து பன்னெண்டு மணி வரைக்கும் அவர் ரேடியோவுல நேரலையில பேசிக்கிட்டிருந்தாரு. நீதான் கேட்டுட்டு வந்து, இவரு பேச்சை நிறுத்தவே மாட்டாரான்னு திட்டினே."

திட்டினேன். வாபஸ் வாங்க முடியாது.

*

எடிட்டிங் ஸ்டுடியோ ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கே ஓர் ஒலிப்பதிவுக்காரர் தேவைப்படும் அளவுக்கு மூச்சு வாங்கியது. கதவைத் தட்டுவதற்கு முன் மேடம் இன்ஸ்பெக்டருக்கு என் போனிலிருந்து பேசினார். "லைனைக் கட் பண்ணாம கேட்டுக்கிட்டே இருங்க. அப்படியே கிளம்பி இங்க வந்துடுங்க. கோப்பை அப்புறம் மூடலாம்." உள்ளே போனதும் அந்தப் போனை மறந்ததுபோல மேஜைமேல் கவிழ்த்து வைப்பதுதான் என் வேலை. மறப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு.

உள்ளே இரண்டு பேர். இயக்குநர் புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் காகிதத்துடன் குறுக்கும் நெடுக்கும் நடந்து கொண்டிருந்தார். திரைக்கு முன்னால் எடிட்டர் உட்கார்ந்திருந்தார். மேடையில் திரையிட ஒரு நிமிடத் துண்டு வெட்டிக்கொண்டிருந்தார். பதினாறு வருடமாக இயக்குநரின் எல்லாப் படங்களுக்கும் இவர்தான் எடிட்டர். ஒடிசலான ஆள், சுத்தமான நகங்கள், மெதுவான பேச்சு. எங்களுக்கு அவரே காபி கலந்து கொடுத்தார்.

"'இந்த விருதுக்கு நான் தகுதியானவனில்லை'," என்று படித்துக் காட்டினார் இயக்குநர். "எப்படி இருக்கு?"

"அப்படியே சொல்லுங்க சார். நெஜம் மாதிரியே இருக்கு," என்றேன்.

மேடம் எடிட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒருத்தர் பேச்சை நடுவுல வெட்டி எடுத்தா, வெட்டின எடம் தெரிஞ்சிடாதா?"

"தெரியும் மேடம். அதை மறைக்கத்தான் ரூம் டோன்." எடிட்டரின் முகம் மலர்ந்தது. தன் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் மலராத முகம் ஏது? "எந்த ரூமும் சும்மா இருக்காது. ஃபேன், லைட்டு, ரோடு, எல்லாம் சேந்து ஒரு சத்தம் இருக்கும். பேட்டி முடிஞ்சதும் எல்லாரையும் முப்பது செகண்ட் பேசாம இருக்கச் சொல்லி, அந்த மௌனத்தைத் தனியாப் பதிவு பண்ணுவோம். வெட்டின எடத்துக்கு அடியில அதைப் போட்டுட்டா ஒட்டு தெரியாது. அது இல்லாம ஒரு வெட்டுகூட எங்கையிலேருந்து வெளிய போகாது."

"காது எடுத்து வச்சிருக்காரா?"

"இருநூத்திப் பதினாலு எடம். வெறி புடிச்சவன் மேடம் அவன். சுரங்க வாசல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வராந்தா, சொந்த வீட்டைக்கூட விட்டு வைக்கலை." திரையில் ஒரு பட்டியல் திறந்தது. எல்லாம் மௌனங்கள். "நல்ல பையன். இப்படிப் பண்ணிட்டான்."

"அவர் பண்ணலை," என்றார் மேடம். "அக்காவுக்கு வந்த மெசேஜ் அவர் அனுப்பினது இல்ல. யாரோ அவர் குரலை வெட்டி ஒட்டிச் செஞ்சிருக்காங்க."

இயக்குநரின் நடை நின்றது. எடிட்டர் காபியை ஒரு மடக்குக் குடித்தார்.

"அப்படியா மேடம்? போலீஸ்ல..."

"போலீசுக்கு என்ன தெரியும்? எனக்கே தெரியுதே, அவ்வளவு மட்டமான வேலை. எந்தக் கத்துக்குட்டி செஞ்சதோ. அதே ரூம் டோனைத் திருப்பித் திருப்பி ஓட்டியிருக்கான். பச்சையாத் தெரியுது."

எடிட்டரின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

"ஈர்க்குச்சி, நீ கேட்டியே, உனக்கே தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரியாம? எங்க வீட்டுத் தண்ணி மோட்டார்கூட அதைவிட நல்லா ஓட்டும்."

"அதுவும் அந்தக் கரண்டி!" மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "சிங்க்ல கரண்டி விழுற சத்தம் ரெண்டு தடவ வருது. ஒரே கரண்டி, ஒரே டிங்கு. தொழில் தெரிஞ்சவன் இப்படி விடுவானா? வெக்கமா இல்ல?"

"ரெண்டு இல்ல மேடம், ஒண்ணுதான்," என்றார் எடிட்டர் படபடவென்று. "ரெண்டாவதை நான் எடுத்—"

வாய் நின்றுவிட்டது. சொன்னது நிற்கவில்லை.

ஏசி முனகிக்கொண்டிருந்தது. அந்த அறையின் ரூம் டோனை அன்று யாராவது பதிவு செய்திருந்தால் அது மட்டும்தான் கிடைத்திருக்கும்.

"ஒண்ணுதான் தம்பி," என்றார் மேடம். அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. "ரெண்டுன்னு நான் பொய் சொன்னேன். அந்த மெசேஜை இதுவரைக்கும் கேட்டது நாலு பேர். அவங்க அக்கா, இன்ஸ்பெக்டர், நான், இந்த மலை. உங்களுக்கு யாரும் போட்டுக் காட்டலை."

எடிட்டர் திரையைப் பார்த்தார். அதில் அந்தப் பெரியவர் துண்டுக்குள் முகத்தை மூடி உறைந்திருந்தார்.

"என்னடா சொல்றாங்க இவங்க?" என்றார் இயக்குநர்.

"அவர் அழலை சார்."

"யாரு?"

"பெரியவர். அன்னிக்கு நீங்க அங்க இல்ல. அவர் சும்மா உக்காந்திருந்தாரு. அதை வச்சு என்ன பண்றது? யாரு பாப்பாங்க? ஆஸ்பத்திரில கால் வலிக்கு அழுதது இருந்துது. மழையைச் சுத்தமா எடுத்துட்டுப் போட்டேன். நடுவர் ஒருத்தர் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு சார். பதினாறு வருஷத்துல என் கையை யாரும் புடிச்சதில்ல. அவனுக்கு மட்டும் மழை கேட்டுடுச்சு." எடிட்டர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "இங்க வந்து சண்டை போட்டான். 'என்னால இனிமே முடியாது, இந்தப் படத்துல எம்பேரு வேணாம், நடுவர்ங்ககிட்ட சொல்லப்போறேன், யாரையும் குத்தம் சொல்லல, என்ன விட்ரு'ன்னான். டப்பிங் மைக் திறந்தே இருந்துது."

நடுவிலிருந்த இரண்டு வாக்கியத்தைத்தான் எடுத்திருக்கிறார். ஒரு கொலையைத் தற்கொலை ஆக்க அவ்வளவு வெட்டு போதுமாக இருந்திருக்கிறது. மிச்சத்தையும் அவரே சொன்னார். மறுநாள் காலை வீட்டுக்குப் போய்க் கடைசியாகக் கெஞ்சியிருக்கிறார். காது மறுத்துவிட்டு, பால்கனிக்குப் போய் அவருக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறான். இவர் தள்ளிவிட்டிருக்கிறார். காதின் போன் லாக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். வெட்டி ஒட்டித் தயாராக வைத்திருந்த குரலை லேப்டாப்பிலிருந்து ஒயர் வழியாக நேராகப் போனுக்குள் செலுத்தியிருக்கிறார். வெளிச்சத்தம் எதுவும் உள்ளே புகுந்து வேலையைக் கெடுத்துவிடக் கூடாதாம்.

"ரெண்டாவது கரண்டியை எடுத்தீங்க. முதல் கரண்டியை ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"ஒண்ணாவது இருக்கணும்," என்றார் எடிட்டர். "இல்லன்னா ஆளே இல்லாத ரூம் மாதிரி இருக்கும்."

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மேடம் அவசரமாக முன்னால் குனிந்தார்.

"எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். மெசேஜை நீங்க அனுப்பினது, அவர் விழறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அதனால இப்ப என்ன மேடம்?"

"சொல்லுங்க."

"பின்னாடி. பத்து நிமிஷம் கழிச்சு. கீழ பாத்தேன். அசைவே இல்ல. அப்புறம்தான் அனுப்பினேன்."

உள்ளே வந்த இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. கொலை என்று ஆனபின் பத்து நிமிடம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்டார். மேடம் காதின் பட்டியலிலிருந்து ஒரே ஒரு பதிவின் நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

இயக்குநர் கோட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சரிந்திருந்தார். "அவர் அழவே இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். பாவமாகத்தான் இருந்தது.

*

அக்கா அதே வாசலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனபோது மணி ஏழரை. லிஃப்டில் ஏறும்போதே என் போனில் செய்தி வந்திருந்தது. இயக்குநர் கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு மேடையேறிவிட்டார். விருதை வாங்கிக்கொண்டு, மறைந்த ஒலிப்பதிவாளருக்காக அரங்கத்தை ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னாராம். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். அவர்மேல் பட்ட பாவமெல்லாம் எனக்கு அந்த நிமிடமே தீர்ந்துபோயிற்று. நாளைக்குக் காலையில் நடுவர்களின் மேஜையில் அந்த நோட்டு இருக்கும், நானே கொண்டுபோய்ப் போடுவேன் என்றேன். போடு, ஆனால் அக்காவிடம் இப்போது இதைச் சொல்லாதே என்றார் மேடம்.

மேடம் தரையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கடைசியாக அந்தப் பத்து நிமிடத்தைச் சொன்னார்.

"அப்ப, மெசேஜ் வந்தப்ப..."

"அவர் இல்லம்மா. நீங்க அந்த நிமிஷமே கேட்டு ஓடி வந்திருந்தாலும் இல்ல. அவர் உங்களைக் கூப்பிடவே இல்ல. நீங்க யாரையும் பூட்டி வைக்கலை."

"இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்."

மேடம் இன்னொரு தடவை சொன்னார். அக்கா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். பதினொரு நாளாக அழாத அழுகை. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"ஆனா அந்த 'அக்கா'," என்றார் அக்கா வெகுநேரம் கழித்து. "அதை எங்கேருந்து எடுத்தான் அவன்?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்து, நாங்கள் வாங்கி வந்த பதிவைப் போட்டேன். 'வீடு, சமையலறை, முப்பது விநாடி.' தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது.

*அக்கா! முப்பது செகண்ட். மூச்சு விடலாம், பேசக் கூடாது. ரெடி.*

ஃப்ரிட்ஜ் முனக ஆரம்பித்தது. எங்களுக்கு முன்னால் அது செத்துப்போய் நின்றது, போனுக்குள் உயிரோடு இருந்தது. அக்கா அழுகையை நிறுத்திவிட்டு, சொன்ன சொல் கேட்பதுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாவது விநாடியில், டிங்.

"நான்தான்," என்றார் அக்கா, சத்தமே வராமல். "கை நழுவிடுச்சு."

கொஞ்ச நேரம் முனகல் மட்டும். பிறகு, ஒரு பெண் சிரிப்பை அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்துச் சிரிக்கும் சத்தம். கூடவே அவன் சிரிப்பும்.

*போச்சு. கெடுத்துட்டே. பரவால்ல விடு, இதையே வச்சுக்கறேன்.*

பதிவு முடிந்துவிட்டது. அக்கா எழுந்து, பதினொரு நாளில் முதல் தடவையாகச் சமையலறைக்குள் போனார்.